மயிலுக்கு வைத்த கிண்ணம்

கிட்ட வாங்க, கண்ணுங்களா. மின்விசிறிக் காற்று எட்டும் இடமாகப் பார்த்து நெருங்கி உட்காருங்கள். அடுப்பில் ஏதாவது இருந்தால் இறக்கி வைத்துவிட்டு வாருங்கள், நான் காத்திருக்கிறேன். இன்றைக்கு ஒரு மயில் கதை. செத்தது மயில், ஜெயிலுக்குப் போக இருந்ததோ ஒரு மனுஷன். நடுவில் கொஞ்சம் நெஞ்சு படபடக்கும். பயப்படாதீர்கள், கடைசிவரை உங்கள் கையை விடமாட்டேன்.

தமிழ்மணிக்குப் பயம் வந்தால் வாய் நீளும். அன்றைக்கு விருத்தாசலம் ஜங்ஷனில் ஆட்டோவைக் கிளப்பியவன், ஊருக்கு வெளியே இருக்கும் நல்மண் பல்கலைக்கழகத்து வாசல் வரும்வரை வாயை மூடவே இல்லை.

"யக்கா, என் மாமனாரு யாருக்காவது வெஷம் வைக்கணும்னா மொதல்ல எனக்குத்தான் வச்சிருப்பாரு. அவரு பொண்ணக் கட்டினதிலேருந்து என்னைப் பாக்கிற பார்வையே அப்படித்தான் இருக்குது. என்னையே விட்டு வச்சவரு மயிலையா கொல்லுவாரு?"

பின்சீட்டில் இருந்தவள் அன்புக்கரசி. ஜங்ஷன் எதிரில், ஜெராக்ஸ் கடை மாடியில், துப்பறியும் நிலையம் என்று போர்டு மாட்டி உட்கார்ந்திருப்பவள் அவள். ஐம்பதைத் தாண்டியவள். கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டாள் என்றால் யோசிக்கிறாள் என்று அர்த்தம். தமிழ்மணி அவளுக்கு டிரைவர், உதவியாள், டீ வாங்கி வருகிறவன், எல்லாம்.

விஷயம் இதுதான். கொஞ்ச நாளாகவே அந்தப் பல்கலைக்கழக வளாகத்தில் மயில்கள் செத்து விழுந்துகொண்டிருந்தன. யார் செய்கிறார்கள் என்று கண்டுபிடிக்கச் சொல்லி அன்புக்கரசியைத் தேடி வந்தவள், அங்கே பீங்கான் துறையில் பாடம் நடத்தும் பூர்ணிமா. வளாகத்தில் ஒரு பிடி மண்கூட வீணாகக் கூடாது, ஒரு குருவிகூடத் தாகத்தில் வாடக் கூடாது என்று ஓடியாடுகிற பெண். "விடாதீங்க மேடம், யாரா இருந்தாலும் விடாதீங்க" என்று சொல்லும்போதே அவள் குரல் உடைந்தது.

ஆனால் வனத்துறை முந்திக்கொண்டது. வளாகத்து வேலியை ஒட்டி நிலக்கடலை போட்டிருக்கும் தனக்கோடியின் கொட்டகையில் பூச்சிமருந்து டப்பா ஒன்று அகப்பட்டது. மயில்கள் கடலையைக் கிளறித் தின்கிற ஆத்திரத்தில், "ஒருநா இல்ல ஒருநா மருந்து வச்சிடுவேன் பாரு" என்று அவர் டீக்கடையில் போட்ட சத்தம் ஊருக்கே கேட்டிருந்தது.

அந்தத் தனக்கோடிதான் தமிழ்மணியின் மாமனார்.

வாசலில் காவல்காரர் அறையில் அவரை உட்கார வைத்திருந்தார்கள். வெளியே வேப்பமரத்தடியில் அவர் மனைவி அம்சவல்லி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். வனச்சரகர் பிரவீன்குமார் இளவயதுக்காரர். கெட்டவர் இல்லை, கடமையில் விறைப்பானவர்.

"தேசியப் பறவைங்க மேடம். ஜாமீன்கூட லேசுல கெடைக்காது. என்கிட்ட மருந்து டப்பா இருக்குது, அவரு வாயால சொன்னதுக்குச் சாட்சி இருக்குது. உங்ககிட்ட என்னா இருக்குது?"

"சாயங்காலம் வரைக்கும் நேரம் இருக்குது" என்றாள் அன்புக்கரசி.

"ஜீப்பு வந்தா கெளம்பிடுவேன்."

தனக்கோடி தலை நிமிரவில்லை. "சொன்னது நெசந்தாம்மா. செய்யல" என்றார். பிறகு மருமகனைப் பார்த்து, "மாப்ள, ஆடு வெயில்ல கட்டிக் கெடக்குது. யாரையாவது தண்ணி காட்டச் சொல்லுங்க" என்றார்.

தமிழ்மணிக்குச் சட்டென்று ஒரு கிண்டலும் கிடைக்கவில்லை. தலையை மட்டும் ஆட்டினான்.

காலையில் செத்த மயில் ஒன்று சாக்கில் சுற்றி வைக்கப்பட்டிருந்தது. அன்புக்கரசி அதைக் காட்டி, "தூக்கு" என்றாள்.

"நானா? நான் டிரைவருக்கா."

"தூக்குடா."

தூக்கினான். கை தானாக மேலே போனது. "யக்கா, இது மயிலா, மயிலோட துணிமணியா? கனமே இல்ல."

அன்புக்கரசி வனச்சரகர் பக்கம் திரும்பினாள். "சார், மருந்து வச்ச கடலையைத் தின்னா பறவை எப்படிச் சாவும்?"

"தின்ன எடத்துலயே துடிச்சு விழும்."

"வயிறு நெறையத் தின்னுட்டு விழுந்த மயிலு எலும்பும் தோலுமாவா இருக்கும்? இது நாள் கணக்குல வாடி வதங்கிச் செத்திருக்குது."

"கொஞ்சங் கொஞ்சமா வச்சிருக்கலாம்" என்றார் பிரவீன்குமார். ஆனால் சாக்கை அவரும் ஒரு தடவை தூக்கிப் பார்த்துவிட்டுத்தான் சொன்னார்.

பூர்ணிமா வந்து உள்ளே அழைத்துப் போனாள். மறுநாள் பசுமை வளாக விருதுக்குப் பார்வையிட ஆட்கள் வருகிறார்கள். வழியெல்லாம் பச்சைத் தோரணம். கூரைகளில் சூரிய மின்தகடு, ஓரத்தில் மழைநீர்க் குட்டை, மரத்துக்கு மரம் உறியில் தொங்கும் கிண்ணங்கள். பச்சையும் நீலமும் கலந்த கிண்ணங்கள், கண்ணாடி மாதிரி வெயிலில் மின்னின. அதேமாதிரி ஒரு கிண்ணத்தைத்தான் பூர்ணிமா போன வாரம் துப்பறியும் நிலையத்துக்கு வந்தபோது தமிழ்மணிக்கும் பரிசாகக் கொடுத்திருந்தாள்.

"எல்லாம் வீணாப் போற பொருள்லேருந்து செஞ்சது மேடம்" என்றாள் பூர்ணிமா. "எங்க பட்டறையில மிச்சமாவுற மெருகுப் பூச்சு, மூடிப்போன ஒரு பீங்கான் யூனிட்லேருந்து வாங்கின பழைய டிரம்மு, எல்லாத்தையும் ஒண்ணாக் கலந்து பூசிட்டோம். வாய்க்கால்ல கொட்டினா மண்ணு கெட்டுடும் இல்லீங்களா. சூளையக்கூட கொறைஞ்ச சூட்டுலதான் எரிக்கிறோம். எரிவாயு மிச்சம்."

"நாளைக்கும் இதைத்தான் குடுக்கப் போறீங்களா?"

"ஆமாம். பக்கத்து ஊரு ஸ்கூலு புள்ளைங்க வராங்க. ஆளுக்கு ஒண்ணு. பெட்டி பெட்டியாக் கட்டி வச்சிருக்கோம்."

நூலகத்தடியில் அதே கிண்ணங்களில் தண்ணீர் இருந்தது. புறாக்கள் கழுத்தைச் சிலிர்த்துக்கொண்டு குடித்தன. அன்புக்கரசி ரொம்ப நேரம் பார்த்தாள்.

"எங்க புறா எல்லாம் புது மாப்பிள்ளை மாதிரி இருக்குது பாருங்க" என்றாள் பூர்ணிமா.

"என்னை மாதிரியா, இல்ல நல்லா இருக்கிற மாப்பிள்ளை மாதிரியா?" என்றான் தமிழ்மணி. பூர்ணிமா சிரித்தாள். அன்புக்கரசி சிரிக்கவில்லை.

"செத்த மயிலெல்லாம் எங்க கெடந்துச்சு?"

"எல்லாமே மெஸ்ஸுக்குப் பின்னால."

மெஸ்ஸுக்குப் பின்னால் வேப்பமரங்கள் வரிசையாக நின்றன. அங்கே கிண்ணங்களைத் தரையில் வைத்திருந்தார்கள். தண்ணீர் இல்லை, சோற்றுக் கஞ்சி. பாத்திரம் கழுவும் வளர்மதி வாளியோடு வந்தாள்.

"மிஞ்சின சோத்த வீணாக்கக் கூடாதுன்னு மேடம் சொல்லிட்டாங்க. தண்ணி ஊத்தி வச்சு, காலையில மயிலுக்கு ஊத்திடுவேன். ஆசையா வந்து குடிக்கும் அதுங்க."

"பழசைக் கொட்டிட்டுக் கழுவி ஊத்துவீங்களா?"

"எங்கம்மா கழுவறது? தண்ணிய வீணாக்கினா பதிவாளரு அய்யா சத்தம் போடுறாரு. பழசு மேலயே ஊத்திடுவேன்."

புளித்த வாடை மூக்கைத் துளைத்தது. தமிழ்மணிக்கு நெஞ்சு துள்ளியது. "யக்கா, கஞ்சியிலதான் யாரோ கலந்துட்டான்."

அன்புக்கரசி மோவாயால் காட்டினாள். சுவரோரம் ஒரு தாய்ப்பூனை, குட்டிகளோடு, பிளாஸ்டிக் மூடி ஒன்றில் ஊற்றியிருந்த அதே கஞ்சியை நக்கிக்கொண்டிருந்தது.

"அது தெனமும் குடிக்குது" என்றாள் வளர்மதி.

"என்னைவிடத் தேறியிருக்குது" என்றான் தமிழ்மணி, குரல் இறங்கிப்போய்.

கிண்ணத்தில் தப்பு என்றால் நூலகத்துப் புறா பிழைத்திருக்காது. கஞ்சியில் தப்பு என்றால் பூனை பிழைத்திருக்காது. இரண்டு கதவும் சாத்திக்கொண்டன. போதாக்குறைக்குப் பதிவாளர் கோவிந்தராசு வேட்டி சரசரக்க வந்து நின்றார்.

"அம்மா, ஆளைத்தான் புடிச்சாச்சே. இன்னும் என்னாத்துக்குக் கஞ்சி வாளியை மோந்துக்கிட்டு நிக்கிறீங்க? நாளைக்கு விருந்தாளிங்க வராங்க. மதியத்துக்கு மேல நீங்க உள்ள இருக்கிறது நல்லா இல்ல."

அவர் பூர்ணிமாவையும் அழைத்துக்கொண்டு போன பிறகு அன்புக்கரசியும் தமிழ்மணியும் புளியமரத்தடியில் உட்கார்ந்தார்கள். தமிழ்மணியின் கைபேசி அடித்தது, மனைவி ஆதிலட்சுமி. "அப்பா சாப்ட்டாரா?" என்று மட்டும் கேட்டாள். "சாப்டுவாரு" என்று சொல்லி வைத்தான். இருட்டறை, கம்பி, மாமனாரின் முழங்கால் வலி எல்லாம் கண்ணுக்குள் வந்து போயின. வாயைச் சும்மா வைத்திருந்தால் அழுதுவிடுவோம் என்று பயந்து தூக்குச்சட்டியைத் திறந்தான்.

"சாப்டுங்கக்கா. தயிர்சோறு. தொட்டுக்க என் மாமியா போட்ட எலுமிச்சை ஊறுகா. ஒரு துண்டு வாயில வச்சீங்கன்னா செத்த மயிலுகூட எழுந்து ஆடும்."

சட்டிக்குப் பக்கத்தில், தட்டு போட்டு மூடி, துணியில் கட்டிய கிண்ணம். பூர்ணிமா கொடுத்த கிண்ணம்தான். ஊறுகாயை விரலால் எடுத்து வாய்க்குக் கொண்டுபோனான். அன்புக்கரசியின் கை பட்டென்று அவன் மணிக்கட்டில் விழுந்தது. ஊறுகாய் மண்ணில் தெறித்தது.

"என்னாக்கா, கேட்டா நானே குடுத்திருப்பேன்ல."

"எத்தினி நாளா இதுல ஊறுகா வச்சுத் திங்கற?"

"அந்த மேடம் குடுத்த மறுநாள்லேருந்து. டப்பா மூடி ஒடைஞ்சுபோச்சு, இது லட்சணமா இருந்துச்சு..."

அவள் கிண்ணத்தைக் கவிழ்த்தாள். சேலைத் தலைப்பால் உள்பக்கத்தை அழுத்தித் துடைத்தாள். கண்ணாடி நெற்றிக்கு ஏறியது. கிண்ணத்தை அவன் முகத்துக்கு நேரே பிடித்தாள்.

வாய் விளிம்பு மின்னியது. வெளிப்பக்கம் மின்னியது. உள்ளே, ஊறுகாய் எதுவரைக்கும் நின்றதோ அதுவரைக்கும் பளபளப்பு செத்து, சாம்பல் பூசினாற்போல் மங்கிக் கிடந்தது. கோடு போட்ட மாதிரி.

"வயிறு எப்படி இருக்குது உனக்கு?"

"ரெண்டு நாளா பிசையுது. மாமியா காரம்னு நெனச்சேன்" என்றான். சொல்லும்போதே அவன் முகம் வெளுத்தது.

அவள் எழுந்து நடந்த வேகத்துக்கு அவன் ஓட வேண்டியிருந்தது. மெஸ் பின்னால் ஒரு கிண்ணத்துக் கஞ்சியை மரத்தடியில் கொட்டாமல் வாளியில் ஊற்றினாள். துடைத்தாள். உள்ளே மங்கல், தடவினால் உப்புத்தாள் போலச் சொரசொரப்பு. நூலகத்துக் கிண்ணம் ஒன்றைத் துடைத்தாள். அடிவரைக்கும் பளபளப்பு.

"தண்ணி ஒண்ணும் செய்யல" என்றாள் மெதுவாக. "புளிப்பு அரிச்சிருக்குது. புளிச்ச கஞ்சியும் எலுமிச்சையும் அந்தப் பூச்சக் கொஞ்சங் கொஞ்சமாத் தின்னுடுச்சு. பூச்சுல இருந்தது கஞ்சிக்குள்ள எறங்கிடுச்சு. பூனை பிளாஸ்டிக் மூடியில குடிச்சுது, பொழச்சுது. புறா தண்ணி குடிச்சுது, பொழச்சுது. மயிலு இந்தக் கிண்ணத்துல புளிச்ச கஞ்சியக் குடிச்சுது, செத்துது."

"அப்ப வெஷம் வச்சது யாருக்கா?"

அன்புக்கரசி பீங்கான் துறைக் கட்டடத்தைப் பார்த்தாள். "நம்மளக் கூப்பிட்டு, யாரா இருந்தாலும் விடாதீங்கன்னு சொன்னாங்களே, அவங்கதான்."

துறை அறையில் பூர்ணிமா பெட்டிகளுக்குப் பச்சை ரிப்பன் கட்டிக்கொண்டிருந்தாள். கோவிந்தராசு பக்கத்தில் நின்று மேற்பார்வை பார்த்தார். அன்புக்கரசி மூன்று கிண்ணங்களையும் மேசையில் வரிசையாக வைத்தாள். 

மண்ணோடு பழகின கைகள் அல்லவா, விளக்கத் தேவையில்லை. பூர்ணிமா விரலை உள்ளே விட்டுத் தடவினாள். மங்கின இடத்தில் விரல் நின்றது.

"அந்தப் பழைய டிரம்முல என்னா இருந்துச்சும்மா?" என்றாள் அன்புக்கரசி.

"எழுத்தெல்லாம் அழிஞ்சு போயிருந்துச்சு. அந்தக் காலத்துப் பூச்சுல ஈயம் கலந்திருக்கலாம். நல்லா வெந்துட்டா கண்ணாடி மாதிரி இறுகிடும், வெளிய வராதுன்னு..."

"நல்லா வெந்துச்சா?"

மிச்சம் பிடித்த எரிவாயு, வீணாகாத பூச்சு, வீணாகாத சோறு, கழுவி வீணாக்காத தண்ணீர். ஒவ்வொன்றாக அவள் கண்ணில் வந்து நிற்பதைத் தமிழ்மணியே பார்த்தான். கிண்டல் ஒன்று நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கிக்கொண்டான்.

கோவிந்தராசு கதவைச் சாத்தினார்.

"சரி. தெரியாம நடந்துபோச்சு. இப்பவே கிண்ணத்தையெல்லாம் எடுத்துப் பொதைச்சிடலாம். நாளைக்குப் புள்ளைங்களுக்கு வேற ஏதாவது குடுப்போம். மயிலு விஷயம் வனத்துறை பாடு. அவரு செய்யலைன்னா கோர்ட்டுல சொல்லிட்டு வெளிய வரட்டும். பூர்ணிமா, உங்க வேலை, இந்தத் துறை, இத்தன வருஷ உழைப்பு, எல்லாத்தையும் நெனச்சுப் பாருங்க."

"பொதைச்சா அதுவும் மண்ணுலதான சார் எறங்கும்" என்றாள் பூர்ணிமா, எங்கோ பார்த்தபடி.

வாசல் பக்கம் ஜீப் சத்தம் கேட்டது.

கதவு சாத்தியிருந்தது, அதற்கு முன்னால் கோவிந்தராசு நின்றார். அன்புக்கரசி அசையவே இல்லை. பூர்ணிமாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அக்கா ஏன் ஓடவில்லை, ஏன் கத்தவில்லை என்று தமிழ்மணிக்கு உடம்பெல்லாம் பதறியது.

பூர்ணிமா மேசையிலிருந்த கிண்ணங்களில் இரண்டை எடுத்தாள். ஒன்று மின்னுவது, ஒன்று மங்கினது.

"யாரா இருந்தாலும் விடாதீங்கன்னு நான்தான மேடம் சொன்னேன்" என்றாள். "வழி விடுங்க சார்."

கோவிந்தராசு விட்டார். அந்த முகத்தைப் பார்த்தால் யாரும் விட்டிருப்பார்கள்.

வாசலில் தனக்கோடியை ஜீப்பில் ஏற்றக் கையைப் பிடித்திருந்தார்கள். அம்சவல்லி ஜீப்பின் பின்கம்பியைப் பற்றிக்கொண்டு நின்றாள். பூர்ணிமா மூச்சிரைக்க வந்து, கிண்ணங்களைப் பிரவீன்குமார் முன்னால் நீட்டினாள்.

"மயிலுங்களக் கொன்னது நான்தான் சார். தெரியாமச் செஞ்சேன். ஆனா செஞ்சது நான்."

சொன்னாள், முழுவதும். பூச்சு, சூளை, கஞ்சி, எதையும் மறைக்கவில்லை. ஈயம் உடனே கொல்லாது, நாள் கணக்கில் உருக்கும், மயில் எலும்பும் தோலுமாக இருந்தது அதனால்தான் என்று அன்புக்கரசி சேர்த்தாள். தமிழ்மணி சட்டையைத் தூக்கி வயிற்றைக் காட்டினான். "இன்னொரு சாட்சி இங்க பிசைஞ்சுக்கிட்டு இருக்குது சார்."

பிரவீன்குமார் இரண்டு கிண்ணங்களையும் சாய்வெயிலுக்கு நேரே பிடித்து மாற்றி மாற்றிப் பார்த்தார். காலையில் தூக்கிப் பார்த்த சாக்கின் கனம் அவர் கையில் இன்னும் இருந்திருக்க வேண்டும். ஜீப் ஓட்டுநரிடம் திரும்பினார்.

"ஆளை ஏத்த வேணாம். கிண்ணத்தையெல்லாம் ஏத்துங்க. பரிசோதனைக்கு அனுப்பணும். மேடம், நீங்க எழுதிக் குடுக்கணும். அந்தப் பெட்டி ஒண்ணுகூட வெளிய போவக் கூடாது."

"போவாதுங்க" என்றாள் பூர்ணிமா.

தனக்கோடி கையை உதறித் தேய்த்துக்கொண்டார். வளாகத்துக் கிண்ணங்களையெல்லாம் எடுத்து ஜீப்பில் ஏற்றி முடித்தார்கள். பூர்ணிமா அவர் முன்னால் நின்று கைகூப்பினாள். அவர் அவளைப் பார்க்காமல் தூரத்தில் மெஸ்ஸுக்குப் பின்னால் இருக்கும் வேப்பமரத்தடியைப் பார்த்தார். கிண்ணங்கள் எடுக்கப்பட்ட வெறும் தரையில் மயில்கள் வந்து நின்றிருந்தன. கழுத்தை நீட்டி நீட்டி மண்ணைக் கொத்தின.

"எல்லாத்தையும் எடுத்துட்டீங்க. தண்ணிக்கு எங்க போவும் அதுங்க?" என்றார் தனக்கோடி.

பிறகு மருமகன் பக்கம் திரும்பினார்.

"மாப்ள, கொட்டாயில மோட்டாரைப் போடுங்க. வேலியோரத் தொட்டி ரொம்பட்டும்."

"மாமா, வந்து குடிச்சுட்டு அப்படியே கடலையிலயும் எறங்குமே."

"எறங்கினா வெரட்டுவேன். வெரட்டுறது வேற, தாகத்துல வுடறது வேற." பிறகு மருமகனை ஏற இறங்கப் பார்த்தார். பொண்ணைக் கட்டின நாளிலிருந்து பார்த்த பார்வை இல்லை அது. "வயித்துவலின்னு சொன்னீங்களே. மொதல்ல ஆஸ்பத்திரிக்குக் கெளம்புங்க. மோட்டாரை நானே போட்டுக்கறேன்."

"ரத்தம் பாக்கச் சொல்லணும், இன்னிக்கே" என்றாள் அன்புக்கரசி ஆட்டோவில் ஏறிக்கொண்டே. "நானே ஓட்டறேன். நீ பின்னால உக்காரு."

"நீங்க ஓட்டுறதா? யக்கா, ஈயத்துக்கே பொழச்சவன் நான்."

வேலிக்கு அப்பால் மோட்டார் உறுமியது. தொட்டியில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டதும் மயில்கள் தலையைத் திருப்பின. ஒன்று பறந்து வேலியைத் தாண்டியது. பின்னாலேயே மற்றவையும்.

அவ்வளவுதான், கண்ணுங்களா. எழுந்து போகும்போது கால் மரத்திருக்கும், பார்த்துப் போங்கள். உங்கள் வூட்டுப் பாத்திரத்தில் பொங்குகிற சோறு உங்கள் பிள்ளைகள் உடம்பில் பலமாகச் சேரட்டும். தெரியாமல் செய்த தப்பைத் தெரிந்ததும் சொல்லிவிடுகிற வாய் உங்கள் வூட்டில் எல்லாருக்கும் இருக்கட்டும். உங்கள் வாசலுக்கு வருகிற மனுஷரும் பறவையும் தாகத்தோடு திரும்பாமல், உங்கள் குடும்பம் தழைத்து நல்லா இருக்கட்டும்.